இணைப்புப் பாதைப் பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

நமது மனைப்பிரிவின் மேற்குத் தெருக் கோடியில் நின்ற சுவரைத் திறந்து, தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு நடந்தும் சைக்கிளிலும் செல்ல வழி அமைக்கும் பணி முடிந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்த ஒரு சுவரால் நாம் பெரிய சாலை வரை போய்ச் சுற்றி வரவேண்டியிருந்தது. அந்த அலுப்பிலேயே பலர் ரயிலை விட்டுவிட்டு இருசக்கர வாகனத்துக்கு மாறினார்கள். பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு எடுக்கும் 'சென்னை ஒன்று' வசதி 2025 செப்டம்பரில் வந்தபோது, வாசலிலிருந்து நிலையம் வரையிலான நடையைச் சரிசெய்யாமல் அதன் முழுப் பயனும் நமக்குக் கிட்டாது என்று குழு கருதியது.

மனைப்பிரிவுக்கு அனுமதி பெறும்போது அதன் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகின்றன. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கிப் பார்த்தபோது, நமது தெரு எல்லைக்கோடு வரை பொதுச்சாலையாகவே காட்டப்பட்டிருந்தது. சுவர் பின்னாளில் எழுப்பப்பட்டது. அந்த நகலை முன்வைத்துப் பேசிய பிறகே அக்கம்பக்கத்தாரின் இசைவும் மாநகராட்சியின் அனுமதியும் கிடைத்தன.

வழி திறந்தால் வெளி வண்டிகள் புகுந்துவிடும், பிள்ளைகள் தெருவில் விளையாட முடியாது என்று உறுப்பினர்கள் சிலர் அஞ்சியது நியாயமானதே. அதனால் கார் நுழையாதபடி கான்கிரீட் குட்டைத் தூண்களும், இருசக்கர வாகனங்களைத் தடுக்க அவற்றுக்கிடையே வளைந்து செல்லும் இரும்புக் குழாய்த் தடுப்பும் வைத்தோம். ஆனால் முதல் வாரத்திலேயே நம் தெரு மூதாட்டி ஒருவரின் சக்கர நாற்காலி அந்த வளைவில் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்ள, அவருடைய மகன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து, பழைய சுற்றுவழியிலேயே அழைத்துப் போனார். சக்கர நாற்காலி போகும் இடைவெளியில் இருசக்கர வாகனமும் போகும்; இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பது அன்று எங்களுக்கு உறைத்தது. அந்த மூதாட்டியின் பாதையில் தடுப்பு நிற்கக்கூடாது என்று குழு ஒருமனதாக முடிவுசெய்து அதை அகற்றியது. அதற்கு மாற்றாக, வண்டிகள் மெதுவாகச் செல்லும்படி தரையைச் சற்றே உயர்த்தியிருக்கிறோம்.

நடக்கும் பகுதி, சாலைத் தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதலில் குறைந்தபட்சமாகச் சொல்லப்படும் 1.8 மீட்டர் அகலம், நடுவில் கம்பமோ பெட்டியோ இல்லாமல், முழுமையாக உள்ளது. வடிகால் மூடிகள் தரைமட்டத்துக்குச் சமமாகப் பதிக்கப்பட்டுள்ளன. உடைத்த சுவரின் நல்ல செங்கற்களைக் கொண்டு பூவரச மரத்தடியில் திண்ணை ஒன்று கட்டினோம். காலையில் பால் பாக்கெட் போடும் தம்பி சைக்கிளை அதில் சாய்த்துவிட்டுக் கணக்கு எழுதுவதைப் பார்க்கும்போது குழுவினருக்கு மனம் நிறைகிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படும். நன்கொடை அளித்தவர்களுக்கும், ஞாயிறுதோறும் மேற்பார்வைக்கு நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. பாதையின் நடுப்பகுதியில் விளக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. அது எரியும்வரை இந்தக் குழு கலைக்கப்படாது.