ஆனைமுடித் தவளையைப் பார்க்க வரமாட்டேன்

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள செல்வராஜ்,

நீ அனுப்பிய ஏலக்காயும் கடிதமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. என் முழங்கால்தான் படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. இங்கே ஐப்பசி மழை. எதிர்மனையில் தேங்கிய தண்ணீரில் ராத்திரியெல்லாம் தவளைச் சத்தம், இவள் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள்.

"மூணாறுக்கு வா, ஆளைப் பிடித்து ஆனைமுடி ஏறி அந்த ஆரஞ்சுத் தவளையைப் பார்த்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். மூணாறு வருகிறேன். அந்தத் தவளை மட்டும் வேண்டாம், விட்டுவிடு.

2010-ல் தவளை ஆய்வாளர் பிஜு குழுவினர் அதை விவரித்தபோது உடம்பெல்லாம் கொப்புளம் மாதிரி சுரப்பிகள், கட்டைக் கால்கள் என்று எழுதியிருந்தார்கள். மரத்தவளைக் குடும்பத்தில் பிறந்துவிட்டுத் தரையில் தவழ்கிற பிராணி! குளம் குட்டையும் வேண்டாம் அதற்கு. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஆனால் அந்த முட்டை காயாமல் இருக்க மூங்கில் புதருக்குள் ஈரம் வேண்டும். அங்கேதான் சிக்கல். கேமராவும் டார்ச்சுமாகப் போகிறவன் முதலில் கை வைப்பது அந்தப் புதரில்தான். கீழே சூடேறினால் மற்ற உயிர்கள் மேலே ஏறித் தப்பிக்கப் பார்க்கும். இது ஏற்கெனவே 2,695 மீட்டர் உச்சியை ஒட்டி நிற்கிறது, இன்னும் எங்கே ஏறும்? அழிவின் விளிம்பில் என்று சிவப்புப் பட்டியலில் போட்டதில் ஆச்சரியமே இல்லை.

உனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. இதன் பேரினத்துக்கு 'ராவோர்கெஸ்டிஸ்' என்று பெயர் வைத்தது விலங்கியலாளர் சி. ஆர். நாராயண ராவ் நினைவாக. கோயம்புத்தூரில் பிறந்தவர், நம் கிறித்தவக் கல்லூரி மாணவர். கல்லூரி தாம்பரத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. 'கரன்ட் சயின்ஸ்' அறிவியல் இதழின் முதல் ஆசிரியரும் அவரே, இந்தத் தவளையைப் பற்றிய கட்டுரை வந்ததும் அதே இதழில்! விலங்கியல் வகுப்பில் தவளை அறுத்த நமக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லையே.

இரவிகுளம் பூங்காவின் ராஜமலையில் பஸ் விட்டு இறங்கினால் வரையாடு பக்கத்திலேயே மேய்கிறதாம், என் முழங்காலுக்கு அது போதும். குட்டி போடும் சீசனில் பூங்காவை மூடிவிடுவார்கள், அதனால் ஏப்ரல் கடைசியில் வருகிறேன். சென்ட்ரலிலிருந்து போடி வரை ரயில் இருக்கிறது. போடியிலிருந்து ஜீப்புக்கு மட்டும் நீ சொல்லி வை.

அன்புடன்,
ரங்கன்