சுற்றறிக்கையோடு நாலு வரியும் சேர்த்து அனுப்புங்கள்

தொடக்கக் கல்வி அதிகாரிகளுக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும் வணக்கம்.

அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கிற பிள்ளையின் அம்மா எழுதுகிறேன், பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். கட்டடம் கேட்டோ நிதி கேட்டோ எழுதவில்லை (கழிப்பறைக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அது இன்னொரு நாள்). பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகிற செய்திகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மேலிடத்தில் கிளம்பும் ஒரு பி.டி.எஃப். மாவட்டம், வட்டாரம், ஹெச்.எம். என்று எல்லோரையும் தாண்டி, ஒரு எழுத்துகூட மாறாமல், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுகிறது. திறந்தால் ந.க.எண், பொருள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, அப்புறம் "மேற்காண் பொருள் சார்ந்து அனைத்துத் தலைமை ஆசிரியர்களும் உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு". அது ஹெச்.எம்.முக்கு எழுதின கடிதம். எங்களுக்கு வேண்டியது, நாளைக்குப் பிள்ளை என்ன கொண்டுபோகணும், நாங்கள் யாராவது வரணுமா என்பதுதான், அது எந்தப் பக்கத்திலும் இருக்காது. திருப்பிக் கேட்கலாம் என்றால் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும்.

குடற்புழு நீக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிறீர்கள், அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், கடித்துச் சாப்பிடுகிற மாத்திரை. நல்ல விஷயம். ஆனால் வயிற்றில் புழு அதிகமாக இருக்கிற பிள்ளைக்கு மாத்திரை போட்டதும் லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று முன்னாலேயே ஒரு வரி சொல்லியிருந்தால் எங்கள் தெருவில் அன்றைக்குச் சாயங்காலம் நடந்த கூத்து நடந்திருக்காது. ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததும் "காலாவதியான மாத்திரையாம்" என்று யாரோ ஒரு வாய்ஸ் மெசேஜ் போட, அது பக்கத்து ஊர் வரைக்கும் போய்விட்டது. காய்ச்சலாக இருக்கிற பிள்ளைக்கு அன்று கொடுக்க மாட்டார்கள், விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து இன்னொரு முறை கொடுப்பார்கள் என்பதெல்லாம் கிராமச் சுகாதார செவிலியர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

இது புதுசும் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயது வரை எல்லோருக்கும் ஊசி என்றார்கள். வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது, எத்தனையோ பேர் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை, கடைசியில் முகாமையே நீட்டிக்க வேண்டிவந்தது. வதந்தி சின்னச் சின்ன வாக்கியத்தில் வந்தது, நம் விளக்கம் பி.டி.எஃப்.பில் வந்தது. எது ஜெயிக்கும்?

ஆதாரும் அப்படித்தான். ஐந்து வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகையும் கருவிழியும் பதிந்திருக்காது, ஐந்து முடிந்ததும் பதிய வேண்டும், ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணமும் இல்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வயதே அதுதான். பள்ளியிலேயே முகாம் வைக்கிறீர்கள், சந்தோஷம், ஆனால் காலை பத்து மணிக்கு முகாம் என்று ஒன்பதரைக்குச் செய்தி வந்தால் நூறு நாள் வேலைக்குப் போனவள் எப்படி ஓடிவருவாள்? ஒரு நாள் முன்னால் தெரிந்தால் பாட்டியையாவது அனுப்பிவைப்பாள்.

மழை விடுமுறையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, கலெக்டர் விடிந்த பிறகுதான் முடிவெடுக்க முடியும் என்பது புரிகிறது. ஆனால் அதற்கு ஈடாக வைக்கிற சனிக்கிழமை வேலைநாளை மட்டுமாவது வியாழக்கிழமையே சொல்லிவிடலாமே. அன்றைக்குக் காலை உணவு உண்டா என்பதையும் சேர்த்து. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆரம்பித்து 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்த அந்தத் திட்டத்தை நம்பித்தான் எங்களில் பல பேர் காலையில் அடுப்பு மூட்டாமல் வேலைக்குக் கிளம்புகிறோம்.

போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். பள்ளியில் பதிந்திருக்கிற எண் பெரும்பாலும் அப்பாவுடையது, அவர் திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார். பிள்ளைக்குத் தலை வாரி அனுப்புவது பாட்டி, அவரிடம் இருப்பது பட்டன் போன். அதனால் குரூப் மட்டும் போதாது. பள்ளி கேட்டுக்கு வெளியே ஒரு கரும்பலகை, பிள்ளையின் நோட்டில் டீச்சர் கையால் ஒரு வரி, ஹெச்.எம். குரலில் அரை நிமிஷ வாய்ஸ் மெசேஜ், இவை எதற்கும் செலவு கிடையாது.

ஹெச்.எம்.மைக் குறை சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஈராசிரியர் பள்ளியில் பாடமும் நடத்தி, எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவும் போட்டு, காலை உணவையும் பார்க்கிறவரிடம் சுற்றறிக்கையைச் சுருக்கி எழுதுங்கள் என்று இன்னொரு வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சுற்றறிக்கையை எழுதுகிறவரே பெற்றோருக்கான நாலு வரியையும் அடியில் எழுதிவிட்டால் போதும், ஹெச்.எம். அதை மட்டும் குரூப்பில் போடுவார். இப்படி இருந்தால் போதும்:

"நாளை பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். பிள்ளை சாப்பிட்டிருக்கட்டும். காய்ச்சல் இருந்தால் டீச்சரிடம் சொல்லுங்கள், நாளை கொடுக்க மாட்டோம். சில பிள்ளைகளுக்கு லேசாக வயிறு வலிக்கும், பயப்பட வேண்டாம். வராதவர்களுக்கு இன்னொரு நாள் உண்டு."

கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த நாலு வரி புரிகிறதா இல்லையா என்று அனுப்புவதற்கு முன்னால் எங்களில் ஒருத்தியிடம் வாசித்துக் காட்டுங்கள், நாங்கள் சொல்லிவிடுவோம். குழுக் கூட்டத்தைப் பாதி நாள் கூலி போகிற மாதிரி வெள்ளிக்கிழமை மதியத்தில் வைக்காமல் இருந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள், அதையும் பாருங்கள்.

அடுத்த மாத்திரை நாளுக்கான சுற்றறிக்கையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா