அந்த முட்டு எது என்று கேட்டாயா?

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் ஒருவர் வந்தார். "சார், அந்த ஓரத்து முட்டு கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. நீ, "எல்லாம் செக் பண்ணியாச்சு, போய் உங்க வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, "அப்புறம் சொல்லும்மா" என்று என் பக்கம் திரும்பினாய். நான் கால் வலியைப் பற்றி ஏதோ சொன்னேன். மனசு என்னவோ அந்த முட்டிலேயே நின்றுவிட்டது. போனில் சொன்னால் திட்டுவது போல் ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டட வேலை எனக்குத் தெரியாது. கான்கிரீட் இறுகும்வரை அதன் எடை முழுவதையும் பலகையும் முட்டும்தான் தாங்கும் என்று படிக்கிற காலத்தில் நீதான் எனக்குச் சொன்னாய். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,400 கிலோ என்றும் சொன்னாய். அந்தக் கணக்கை நீ மறந்திருக்க மாட்டாய். சொல்ல வந்தவரின் முகத்தைப் பார்த்தாயா?

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், அதே வார்த்தையை நானும் ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நைட் டூட்டி. நான் சார்ட் எழுதிக்கொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் வந்து, "சிஸ்டர், ஜன்னலோரப் படுக்கை பாட்டி எப்பவும் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவாங்க. இன்னைக்கு என்னைத் தெரியாத மாதிரி பாக்குறாங்க" என்றார். நான் நிமிரக்கூட இல்லை. "இப்பத்தான் பிபி, பல்ஸ் எல்லாம் பாத்துட்டு வந்தேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றேன். அரை மணி கழித்து நான் போனபோது பாட்டிக்கு மூச்சு வாங்கியது, பிபி இறங்கியிருந்தது. ஐசியூவுக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். வயதானவர்களுக்கு நோய்த்தொற்று முற்றும்போது காய்ச்சலுக்கு முன்பே சிலருக்கு இப்படித் திடீர்க் குழப்பம் வரும். அதைப் பாடமாகப் படித்தவள் நான். கண்ணால் கண்டவர் அவர்.

அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என்னிடம் எதையும் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். துடைப்பார், வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் எத்தனை பேரைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போகிறாரோ என்று தோன்றும். நானே தினமும் போய், "இன்னைக்கு யாராவது வேற மாதிரி இருக்காங்களாக்கா?" என்று கேட்டுக் கேட்டு, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் அவர் மறுபடி வாய் திறந்தார்.

தொழிலுக்குத் தொழில் கர்வம் வேறு வேறு முகத்தில் வரும். டாக்டருக்குப் படிப்பு, அதிகாரிக்குக் கையெழுத்து, கம்ப்யூட்டர்காரருக்கு மற்றவருக்குப் புரியாத பேச்சு. 'படிச்சவனுக்கு என்ன தெரியும்' என்று சொல்கிற அனுபவசாலியிடமும் அது இருக்கிறது. பணிவு என்று பெயர் வைத்துக்கொண்டு நடப்பதிலும் பாதி பொய். மேலே இருப்பவர் முன்னால் குழைந்து குழைந்து பேசுகிறவர்தான் பல சமயம் கீழே இருப்பவரிடம் எரிந்து விழுவார். ஒருவர் உன்னிடம் பயமில்லாமல் வந்து 'இது தப்பா இருக்கு' என்று சொல்ல முடிகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பில், ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவில் நடந்த விமான விபத்தைப் பற்றிச் சொன்னார்கள். 1977 மார்ச் 27. கடும் பனிமூட்டம். ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். அதில் ஒன்றின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுக்கிற அளவுக்கு மூத்தவர். அவர் புறப்பட ஓட்டத் தொடங்கியபோது, அந்த இன்னொரு விமானம் இன்னும் விலகவில்லையோ என்று பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. சில நொடிகளில் மோதல், 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம், ரேடியோவில் ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சின் மேல் விழுந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இரண்டாவது முறை கேட்கப்படாத அந்தக் கேள்விதான் எனக்கு இன்றும் மனதைப் பிசைகிறது. இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான், கேப்டன் தவறினால் இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், கேப்டன் அதை எப்படிக் காதில் வாங்க வேண்டும் என்பதையே விமானிகளுக்குப் பாடமாக வைத்தார்கள்.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கிற எல்லோரும் தம் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் எங்கள் தியேட்டர் உதவியாளர் தன் பெயரைச் சொன்னபோது, அவரோடு பல வருடம் வேலை பார்த்த சர்ஜன் மாஸ்க்குக்கு மேலே கண்ணை உயர்த்தி அவரைப் பார்த்தார். அந்தப் பெயரை அன்றுதான் கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு மாதம் ஆகியிருக்காது, அதே உதவியாளர், "சார், ஒரு பஞ்சு கணக்கு இடிக்குது" என்று சத்தமாகச் சொன்னார். சர்ஜன் கையை நிறுத்தினார். எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். கிடைத்தது. முன்பு என்றால் அவர் என்னிடம் கிசுகிசுத்திருப்பார், அல்லது அதுவும் இல்லை.

நீ கெட்டவன் இல்லை கண்ணா. வெயில், அவசரம், மேலே இருந்து நெருக்கடி, எல்லாம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்த இரவு அப்படித்தான் இருந்தது. உன் படிப்பில் எனக்குப் பெருமை இல்லாமலா?

நாளைக்குக் காலையில் அவரைத் தேடிப் போ. ஆளனுப்பிக் கூப்பிடாதே, நீ போ. அன்றைக்கு எந்த முட்டைச் சொன்னீர்கள் என்று கேட்டு, அவரோடு நடந்து போய்ப் பார். இதற்குள் சரி செய்துவிட்டிருந்தாலும் போய்ப் பார். அவர் பெயர் என்ன என்று ராத்திரி போன் செய்யும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா