கொங்குப் பனிக்கு எந்தக் காலணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்காலத்தில் வெளியே ஓடுவோர் எத்தகைய காலணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நீர் புகாத மேற்பகுதி, ஆழமான பற்கள் கொண்ட சோல், உள்ளே கதகதப்பான துணி என்று அதில் பரிந்துரைக்கப்பட்டவை யாவும் தரையில் பனி உறைந்து கிடக்கும் நாடுகளுக்கு முற்றிலும் பொருந்துபவை. கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் ஓடுகிறவர்கள் அவற்றை அப்படியே பின்பற்றினால் பணமும் வீணாகும், காலும் புண்ணாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நமது குளிர்காலம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கி, மார்கழி, தையில் விடியற்காலைப் பனியாக முடிகிறது. ஜனவரியில் கூடக் கோவையின் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 18 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். இந்தக் குளிரில் பாதம் விறைக்காது; ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே காலுறை வேர்வையில் நனைந்துவிடும். ஆகவே நாம் காலணி வாங்கும்போது கருத வேண்டியவை ஈரம், வழுக்கல், இருட்டு ஆகிய மூன்றுமே.

நீர் புகாத காலணியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் கண்டறிந்த முறையில் உருவான கோர்டெக்ஸ் படலமும், அதன் வழியில் வந்த பிற படலங்களும், மழைத்துளியை வெளியே நிறுத்திவிட்டு வேர்வையின் ஆவியை மட்டும் வெளியேற விடுபவை. ஆனால் அந்த ஆவி தடையின்றி வெளியேற வேண்டுமென்றால் காலணிக்கு உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்தும், வெளிக்காற்றில் அவை குறைந்தும் இருக்க வேண்டும். உறைபனி நாட்டின் குளிரில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்கிறது, மார்கழி விடியலின் ஈரக்காற்றில் அது சுருங்கிவிடுகிறது. பாலிதீன் பையில் கட்டி வைத்த கீரையைப் போலப் பாதம் புழுங்குகிறது. போதாததற்கு, சாலையோரம் தேங்கிய மழைநீரில் தெரியாமல் கால் வைத்தால் கணுக்கால் பக்கமாக உள்ளே புகுந்த தண்ணீரை அதே படலம் வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும். வலை போன்ற மெஷ் துணியால் ஆன சாதாரணக் காலணி உடனே நனையும் என்பது உண்மைதான். ஆனால் நனைந்த வேகத்திலேயே, ஓட ஓட, தண்ணீரைப் பிதுக்கித் தள்ளிவிடும். கடையில் காலணியின் முன்பகுதியை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் மெஷ் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும்.

மேற்பகுதியை விட அடிப்பகுதிக்கே நான் கூடுதல் கவனம் கொடுப்பேன். பனி இறங்கிய பளபளப்பான டைல்ஸ் நடைபாதை, பாசி படர்ந்த சிமென்ட் ஓரம், வேகத்தடையின் மீது அடித்த வெள்ளைப் பெயின்ட், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி ஆகியவைதான் விடியற்காலையில் ஓடுகிறவர்களை விழவைக்கின்றன. இவற்றின் மீது ஆழமான பற்கள் பெரிதாக உதவுவதில்லை. தரையோடு நன்கு படிகிற மென்மையான ரப்பரின் பரப்பு எவ்வளவு என்பதே முக்கியம். மலிவு விலைக் காலணிகள் பலவற்றில் அடியில் ரப்பரே இருக்காது. மேலே மெத்தையாக இருக்கும் ஈவிஏ ஃபோமே தரை வரை இறங்கியிருக்கும், அல்லது முழு சோலும் பிவிசியில் வார்த்ததாக இருக்கும். காய்ந்த தார்ச் சாலையில் இவை எதுவும் காட்டிக்கொடுக்காது; ஈர டைல்ஸில் முதல் திருப்பத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். சோலை நகத்தால் அழுத்திப் பார்த்து, பிளாஸ்டிக் போல் வழுக்கினால் ஒதுக்கிவிடலாம். இன்னும் உறுதியான சோதனை வேண்டுமென்றால், கடைத் தரையில் ஒரு கை தண்ணீர் தெளித்து, காலணியை அணிந்து அதன் மீது நின்று முன்பாதத்தை மெல்லத் திருப்பிப் பார்க்கலாம். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர் நாம்தான்.

பற்கள் உள்ள சோலுக்கும் நம் பகுதியில் இடம் இல்லாமல் இல்லை. கீழ்பவானி வாய்க்கால் கரையிலோ, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டு வண்டித்தடத்திலோ மழைக்குப் பின் ஓடுகிறவர்களுக்கு அது தேவைப்படும். அங்கும் பற்களின் ஆழத்தை விட அவற்றுக்கு இடையே உள்ள இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும்; நெருக்கமான பற்களில் கரிசல் மண் அப்பிக்கொண்டால் அப்புறம் எந்த சோலும் வழுக்கும் கட்டைதான்.

பின்னலாடைத் துறையிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் காலுறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பருத்தி நல்லது, செயற்கை இழை கெட்டது என்ற எண்ணம் நம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அன்றாடம் அணியும் பனியனுக்கு அது சரி. ஆனால் நூலின் ஈர ஏற்புத் திறனைப் பாருங்கள்: துறையில் கணக்கிடும் அளவுப்படி பருத்தி தன் உலர் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்ளும். நைலான் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல், பாலியெஸ்டர் வெறும் 0.4 விழுக்காடு. வேர்வையும் பனிநீரும் சேரும்போது பருத்திக் காலுறை ஊறி, தடித்து, மடிப்பு விழுந்து, குதிகாலிலும் சுண்டுவிரலிலும் உரசிக் கொப்புளத்தை உண்டாக்கிவிடுகிறது. பாலியெஸ்டர் அல்லது நைலானுடன் இழுபடும் இழையான ஸ்பான்டெக்ஸ் சிறிதளவு கலந்து, விரல் நுனித் தையல் தட்டையாக முடிக்கப்பட்ட காலுறையே ஓட்டத்துக்கு ஏற்றது. எதை அணிந்து ஓடப்போகிறோமோ அந்தக் காலுறையையே கடைக்கு எடுத்துச் சென்று, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி அளவு பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே தெரியாது என்பதால், அவர்கள் மருத்துவரைக் கலந்துகொண்டு வாங்குவதே முறை.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனியில் ஓடப்போகிறவர்களுக்கு மட்டும் கணக்குச் சற்று மாறும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஈவிஏ ஃபோம் இறுகி முதல் சில நிமிடங்களுக்குக் கட்டை போல் இருக்கும். மெதுவாகத் தொடங்கினால் போதும். கனடாவிலும் நார்வேயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் உறைந்த பனியில் குத்தி நிற்க, மிகக் கடினமான டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த காலணி தேவை.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிப்பதற்காக இருட்டிலேயே பள்ளி மைதானங்களுக்கும் சாலைகளுக்கும் வரும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். விலை உயர்ந்த காலணி அவர்களுக்கு அவசியமில்லை. ரப்பர் சோலும், குதிகாலில் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையும் உள்ள எளிய ஜோடி போதும். கருப்பு நிறத்தை மட்டும் தவிர்க்கலாம், மூடுபனியில் லாரி ஓட்டி வருகிறவருக்கு அது தெரியாது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புதுக் காலணி வாங்கி அதை அணிந்தே ஓடப் போவது வேண்டாம்.

வாங்கிய காலணி நனைந்தால் அடுப்பருகிலோ உச்சி வெயிலிலோ வைக்கக் கூடாது. பசை விட்டுப்போகும், ஃபோம் சுருங்கும். லேஸைத் தளர்த்தி, பாதத்துக்கு அடியில் உள்ள இன்சோல் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து மின்விசிறிக்குக் கீழே வைத்து, தாள் ஈரமானதும் மாற்றினால் பெரும்பாலும் மறுநாளைக்குள் காய்ந்துவிடும். இதற்குத் தங்கள் நாளிதழின் பழைய பிரதிகள் மிகவும் உகந்தவை. வழவழப்பான விளம்பர இணைப்புகள் மட்டும் ஈரத்தை உறிஞ்சுவதில்லை.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஓய்வு பெற்ற பின்னலாடைத் தரப் பரிசோதகர்,
திருப்பூர்.