நிறத்தை வைத்து இனம் சொல்லாதீர்கள்: நாய்க்குட்டி விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டு இன நாய்க்குட்டிகளை வளர்த்தும் வாங்கியும் விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான் தென் மாவட்டம் ஒன்றில் தொழில் செய்யும் கால்நடை மருத்துவர். உங்களிடம் குட்டி வாங்கியவர்கள் பூச்சி மருந்துக்கும் முதல் ஊசிக்கும் என்னிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஊசியைப் பற்றி அல்ல. "டாக்டர், இது ஒரிஜினல்தானே?" என்பதுதான் முதல் கேள்வி. கையில் ஒரு மாதக் குட்டி இருக்கும். வெள்ளையாக இருந்தால் ராஜபாளையம், கறுப்பில் பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி, செவலையும் கருவாயுமாக இருந்தால் கோம்பை, சந்தன நிறமென்றால் சிப்பிப்பாறை என்று சொல்லி நீங்கள் கொடுத்திருப்பீர்கள். அந்த வயதுக் குட்டியைப் பார்த்து ஆம் என்றும் என்னால் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கறுப்பு, பழுப்புக் குட்டியை எடுத்துக்கொள்வோம். புருவத்துக்கு மேல் இரண்டு பொட்டு, கன்னத்திலும் நெஞ்சிலும் கொஞ்சம், கால்களில் பழுப்பு, வாலடியில் ஒரு திட்டு. கன்னிக்கு இதுதான் அடையாளம் என்கிறீர்கள். டாபர்மேனுக்கும் இதே அமைப்புதான், ராட்வீலருக்கும் இதேதான், நம் தெருவில் திரியும் எத்தனையோ நாய்களுக்கும் இதேதான். எல்லாவற்றிலும் ஒரே மரபணு செய்கிற வேலை இது. அது ஒடுங்கி நிற்கும் பண்பு என்பதால் வெளியே தெரியாமல் தலைமுறை தாண்டி வரும். தாயும் சந்தன நிறம், தகப்பனும் சந்தன நிறம் என்றாலும், இரண்டிலும் அது மறைந்திருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கறுப்பு பழுப்பாக வர. அப்படி வந்த ஒன்றைக் கன்னி என்றும், கூடப் பிறந்ததைச் சிப்பிப்பாறை என்றும் இரண்டு வீடுகளுக்கு விற்றதைப் பார்த்திருக்கிறேன். கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே இனத்தின் இரண்டு நிறங்கள்தான் என்று சொல்லும் வளர்ப்பாளர்கள் உண்டு. வேறு வேறு என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டு இனமாக இருக்க முடியாது, இல்லையா?

அடுத்து வெள்ளைக் குட்டி. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். ராஜபாளையத்துக்கு எல்லோரும் சொல்லும் மூன்று அடையாளங்கள். வளர்ந்த நாயிடம் பார்க்க வேண்டியவை இவை. பல குட்டிகள், எந்த இனமானாலும், ரோஜா மூக்கோடுதான் பிறக்கின்றன. வாரங்கள் போகப் போகத்தான் மூக்கில் கறுப்பு ஏறும். கண்ணும் அப்படித்தான். திறக்கும்போது நீலம் பாய்ந்து இருக்கும், உண்மையான நிறம் நிலைக்க மாதங்கள் ஆகும். ஆக, முப்பது நாள் குட்டியின் மூக்கையும் கண்ணையும் காட்டி 'ப்யூர்' என்பது வெறும் பேச்சு.

வெள்ளையில் இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் வாயே திறப்பதில்லை. தோலுக்கு நிறம் தரும் நிறமி செல்கள் உட்காதிலும் இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துபோகும். ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்க்கும்போது அது இன்னும் கூடும். செவிட்டுக் குட்டி கூட்டத்தில் இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது, மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். தனியாக எடுத்து, அதன் கண்ணில் படாமல், காற்றும் அதிர்வும் எட்டாத தூரத்தில் நின்று சத்தம் எழுப்பிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்றாலும், இரண்டும் கேட்காதது மாட்டும். வாங்குபவர் மூக்கைப் பார்த்து மயங்கி நிற்கும் நேரத்தில் நீங்கள் காட்ட வேண்டியது இதை. ஈத்தில் கறுப்போ பழுப்போ கலந்து பிறந்த குட்டிகளை ராஜபாளையம் அல்ல என்று முன்பு கொன்றுவிடுவார்கள் என்பார்கள். அதே தாய், அதே தகப்பன். நிறத்துக்காக உயிர் போயிருக்கிறது.

கோம்பைக் கருவாயைப் பற்றி நீட்டவில்லை. செவலைத் தெருக்குட்டிகளில் பாதி கருவாயோடுதான் என் மேசைக்கு வருகின்றன.

நிறத்தை விடுங்கள், உடலமைப்பு இருக்கிறதே என்பீர்கள். ஒடுங்கிய நீள முகம், ஆழ்ந்த நெஞ்சு, உள்வாங்கிய வயிறு. சரி, வேட்டை நாய்க்கு அது அடையாளம்தான். ஆனால் அது வளர்ந்த பிறகு தெரிவது. நாற்பது நாளில் எல்லாக் குட்டிக்கும் முகம் குட்டைதான். குடற்புழு இருந்தால் வயிறு உருண்டிருக்கும், பட்டினி போட்டால் ஒட்டியிருக்கும். சிப்பிப்பாறை மெலிந்துதான் இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வளரும் குட்டிக்கு ஒரு வேளைச் சோறு மட்டும் போட்டு, காலெலும்பு வளைந்தபின் தூக்கி வருகிறார்கள். அவர்களிடம் கோபப்படுவதா, உங்களிடமா?

பழக்கப்பட்ட கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால், அமெரிக்காவில் விக்டோரியா வாய்த் என்ற கால்நடை மருத்துவரின் குழு 2009ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். காப்பகங்களிலிருந்து தத்துக் கொடுக்கப்பட்ட 20 நாய்களுக்கு மரபணுச் சோதனை செய்து, காப்பகத்தார் தோற்றத்தைப் பார்த்துச் சொன்ன இனத்தோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. தினமும் நாய்களோடு இருப்பவர்கள் சொன்னது அது. மரபணுச் சோதனை செய்துவிட்டால் போயிற்று என்றும் நினைக்க வேண்டாம். சோதனை செய்யும் நிறுவனத்தின் சேமிப்பில் நம் கோம்பையின் மாதிரி இல்லையென்றால், அது எப்படிக் கோம்பை என்று சொல்லும்?

2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னதிலிருந்து எங்கள் பக்கம் விசாரிப்பு கூடியது. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனத்தின் பட்டியலில் பதிவான இனங்கள். பெயருக்கு மதிப்பு இருக்கிறது, அதனால்தான் பெயரை ஒட்டி விற்கிறீர்கள். ஆறு மாதத்தில் காது தொங்கி, வால் சுருண்டு, வாங்கியவர் எதிர்பார்த்த உருவம் வராதபோது நாய் சாலையில் விடப்படுகிறது. நல்ல நாட்டு நாயாக, அதற்குரிய மரியாதையோடு ஒரு வீட்டில் இருந்திருக்க வேண்டியது அது.

கேட்பது இவ்வளவுதான். குட்டியைக் காட்டும்போது தாயையும் காட்டுங்கள், முடிந்தால் தகப்பனையும். காட்ட முடியவில்லை என்றால் 'நாட்டு நாய்க்குட்டி' என்று சொல்லி அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள் சொல்வதும் அதைத்தான், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. கூடவே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்: பிறந்த தேதி, தாய் தகப்பனின் நிறமும் ஊரும், ஈத்தில் எத்தனை குட்டி, என்னென்ன நிறம், பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், காது சோதித்தீர்களா. நிறம் மாறிப் பிறந்த குட்டியையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த தலைமுறை சேர்க்கையை முடிவுசெய்ய அது வேண்டும்.

சீட்டு எழுத முன்வருகிறவர்கள் ஈத்து முழுவதையும் ஆறாவது வாரத்தில் கூடையோடு கொண்டுவாருங்கள். காது பார்த்துத் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் குட்டிகளுக்கு ஊசி போடும் மருத்துவர்