ஒரே அமைப்பு, இரண்டு பட்டியல்: மத்திய உள்துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மத்திய உள்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 1992-இல் தொடங்கிய விடுதலைப் புலிகள் மீதான தடையை, 2024 மே மாதம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டித்தீர்கள். அதை நீக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 இரவு நடந்ததை நான் மறக்கவில்லை. எனக்குள்ள கவலை, தடை போடும் முறையைப் பற்றியது.

உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இரண்டு வழிகள். மூன்றாவது பிரிவின்படி ஓர் அமைப்பைச் ‘சட்டவிரோத அமைப்பு’ என்று அறிவித்தால், அரசு காரணம் எழுத வேண்டும். நாளிதழில் வெளியிட வேண்டும். அலுவலகச் சுவரில் ஒட்டலாம், அந்த வட்டாரத்தில் தண்டோரா போட்டும் சொல்லலாம் என்றுகூடச் சட்டத்தில் இருக்கிறது. அப்புறம் 30 நாளுக்குள் விஷயம் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் விசாரித்து உறுதி செய்தால்தான் தடை நிற்கும். புலிகள் வழக்கில் வைகோ இந்தத் தீர்ப்பாயத்தின் முன் போய் வாதாடியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. தடை நீடித்தது, சரி. கேள்வி கேட்க ஓர் இடமாவது இருந்தது.

35-ஆவது பிரிவில் அந்த இடமே இல்லை. பயங்கரவாதத்தில் ஈடுபடுவதாக மத்திய அரசு நம்பினால் போதும், பெயர் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில், ஏறிவிடும். தீர்ப்பாயம் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. புலிகளின் பெயர் அதிலும் இருக்கிறது. இரண்டில் கடுமையான முத்திரைக்குத்தான் சோதனை குறைவு என்பது எந்த ஊர் நியாயம்?

பெயரை நீக்கச் சொல்லி மனு போடலாம், அதே மத்திய அரசிடம். நிராகரித்தால் மறுஆய்வுக் குழு. அதை அமைப்பதும் நீங்கள்தான். சரி, மனுவில் யார் கையெழுத்துப் போடுவார்? அமைப்பின் பெயரில் போட்டால், ‘நான் உறுப்பினர்’ என்று தானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். 38-ஆவது பிரிவில் அதற்குப் பத்தாண்டு வரை சிறை. ஜாமீனும் லேசில் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் புலிகளை வைத்திருந்த ஆணைகளை, லக்சம்பர்க்கில் உள்ள அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்தது. புலிகள் குற்றமற்றவர்கள் என்று அது சொல்லவில்லை. பத்திரிகைச் செய்தியும் இணையத் தகவலும் ஆதாரமாகப் போதாது என்றது. 2017-இல் மேல்முறையீட்டிலும் ஒன்றியத்தின் அமைச்சர்கள் மன்றம் தோற்றது. இந்திய அதிகாரிகளின் முடிவை ஆதாரமாக எடுக்கும் முன், இங்கே எதிர்வாதம் செய்யும் உரிமை தரப்பட்டதா என்று பார்த்திருக்க வேண்டும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். நம் நாட்டு முடிவை ஒரு வெளிநாட்டு நீதிமன்றம் அப்படிக் கேட்க நேர்ந்தது எனக்கு வலித்தது.

உளவுத் தகவலை வெளியே சொல்ல முடியாது என்பீர்கள். தீர்ப்பாயத்தில் நீதிபதியிடம் மூடிய உறையில் தருகிறீர்களே, அட்டவணைக்கும் அப்படியே தரலாம். ஆஸ்திரேலியாவில் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பட்டியலிட்டது காலாவதியாகிவிடும் என்ற விதி, 2023 சட்டத் திருத்தம் வரை இருந்தது. இங்கும் ஒரு காலக்கெடு வையுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, நீக்கக் கோரும் மனுவையே மனுதாரருக்கு எதிரான சாட்சியமாக்கக் கூடாது என்று ஒரு வரியைச் சட்டத்தில் சேருங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்