மடக்குக் கத்திக்கு ஸ்குரு: மரை சரியாக இருந்தால் நீளத்தை வெட்டிக்கொள்ளலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சொந்தமாக மடக்குக் கத்தி செய்யும் நம் இளைஞர்களுக்கு வேலை தடைபடும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அலகு தீட்டியாகிவிடும், கைப்பிடி இழைத்தாகிவிடும், கடைசியில் ஒரு சின்ன ஸ்குருவுக்காக எல்லாம் மேசையில் கிடக்கும். ஐந்தரை மில்லிமீட்டர் நீளத்தில் ஸ்குரு உண்டா என்று கடை கடையாக ஏறி இறங்குவதில் பயனில்லை. எம்2 (2 மி.மீ. விட்டமுள்ள மெட்ரிக்) ஸ்குரு கடைகளில் பெரும்பாலும் 3, 4, 5, 6, 8, 10 மில்லிமீட்டர் என்ற நீளங்களில்தான் வரும். மரை பொருந்துகிற ஸ்குருவை ஒரு அளவு நீளமாக வாங்கி, வீட்டிலேயே வெட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் மரை. அமெரிக்காவிலிருந்து வரும் கத்தி உதிரிபாகங்களில் 2-56, 4-40 என்ற அங்குல மரை இருக்கும் (முதல் எண் விட்டத்தின் குறி, அடுத்தது ஓர் அங்குலத்தில் உள்ள மரைகளின் எண்ணிக்கை). இங்கே கடையில் கிடைப்பது எம்2, எம்2.5, எம்3. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். 2-56 ஸ்குருவின் விட்டம் 2.18 மி.மீ., எம்2-இன் விட்டம் 2 மி.மீ. 2-56 டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்ட துளையில் எம்2 ஸ்குரு லொடலொடவென்று இறங்கும். இறுக்கும்போது மரைப் பற்களின் நுனி மட்டும் பிடித்து, பிய்ந்து வந்துவிடும். எம்3 துளையில் 4-40-ஐத் திருகினால் ஒன்றிரண்டு சுற்று போய் இறுகிக்கொள்ளும். அதற்கு மேலும் பலம் கொடுத்தால் லைனரில் (கைப்பிடிப் பலகைக்கு உள்ளே இருக்கும் உலோகத் தகட்டில்) உள்ள மரை அழிந்துவிடும்.

மரை அளவி இல்லாவிட்டால், அளவு தெரிந்த ஸ்குருவைப் பக்கத்தில் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பற்கள் கடைசி வரை இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார வேண்டும். இது மரை இடைவெளியை மட்டும்தான் காட்டும். விட்டத்தைக் காலிப்பரால் தனியே அளக்க வேண்டும். எம்2.5-க்கும் 2-56-க்கும் மரை இடைவெளி ஏறக்குறைய ஒன்றே என்பதால், விட்டத்தை அளக்காதவர்கள் அங்கே ஏமாந்துபோவார்கள்.

கவுண்டர்சிங்க் தலையிலும் (கூம்புக் குழிக்குள் மட்டமாக அமரும் சரிவான தலை) இதே சிக்கல் உண்டு. மெட்ரிக் ஸ்குருவின் தலைச் சரிவு 90 பாகை, அங்குல ஸ்குருவுக்கு 82 பாகை. குழியும் தலையும் வேறு வேறானால் தலை விளிம்பில் மட்டும் அமரும், ஜி10 (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த) கைப்பிடிப் பலகை அங்கேயே விரியத் தொடங்கும்.

எங்கே வாங்குவது? கோலாலம்பூரில் ஜாலான் பசார் மின்னணுக் கடைகளிலும், ரேடியோ கட்டுப்பாட்டுக் கார் விற்கும் கடைகளிலும் தேடலாம். பினாங்கில் தொழிற்சாலைகளுக்குச் சரக்குக் கொடுக்கும் போல்ட்-நட் கடைகளில் கேளுங்கள். பழைய லேப்டாப்பில் எம்2, எம்2.5 கிடைக்கும், ஆனால் குட்டையானவை. பெரிய ஹார்ட் டிஸ்க்கைக் கணினிப் பெட்டியில் மாட்டும் ஸ்குரு 6-32 என்ற அங்குல மரை. அதை எம்3 என்று நினைத்து எடுத்து வராதீர்கள். கடற்காற்றும் கை வியர்வையும் சேரும் ஊர் என்பதால் கறுப்பு நிற 12.9 வலிமைத் தர ஸ்குருவைவிடத் துருப்பிடிக்காத ஏ2 தர எஃகே நல்லது.

நீளத்தைக் கணக்கிடும் விதம் இது. குழிக்குக் கீழே கைப்பிடிப் பலகை 1.5, லைனர் 1.5, இரு லைனர்களுக்கும் நடுவில் நிற்கும் தூணுக்குள் 2.5, ஆக மொத்தம் 5.5 மி.மீ. 6 மி.மீ. தூணில் இரு பக்கமும் முழு 6 மி.மீ. ஸ்குருவையே போட்டால் இரண்டு நுனியும் நடுவில் முட்டிக்கொள்ளும். கைக்கு இறுகியதுபோலத் தெரியும், பலகை மட்டும் ஆடும். இதைப் பார்த்துவிட்டுத் துளை தேய்ந்துவிட்டது என்று பலகையை மாற்றுபவர்களும் உண்டு. லைனரோடு நின்றுவிடும் ஸ்குரு என்றால் 3 மி.மீ.தான் எல்லை, 2.8-க்கு வெட்டுங்கள். நுனி சற்றே வெளியே நீட்டினாலும் அலகில் கோடு விழும்.

வெட்டுவதற்கு ஒரு மரைத்தகடு செய்துகொள்ளுங்கள். 3 மி.மீ. இரும்புத் தகட்டில் 1.7 மி.மீ. துளையிட்டு எம்2 டேப் போட வேண்டும். கத்தியில் என்றால் 1.6 துளை, தகட்டில் மரை முழு ஆழம் தேவையில்லை, துளை சற்றுப் பெரிதானால் டேப் உடையும் அபாயமும் குறையும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். 5.5 வேண்டுமானால் தலைக்குக் கீழே வாஷர்கள் 2.5 மி.மீ. அளவுக்கு அடுக்கி, ஸ்குருவைத் திருகி, மறுபக்கம் நீட்டுவதைத் தகட்டோடு மட்டமாக அரத்தால் ராவுங்கள். கவுண்டர்சிங்க் ஸ்குருவுக்கு நீளம் தலையோடு சேர்த்துத்தான் கணக்கு, ஆகவே தகட்டிலும் குழி போட்டுத் தலையை மட்டமாக அமர்த்த வேண்டும்.

ராவி முடித்ததும் நுனி விளிம்பைச் சுற்றிலும் 45 பாகையில் லேசாகச் சரித்துவிட்டு, பிறகு ஸ்குருவைப் பின்னோக்கிக் கழற்றுங்கள். கழன்று வரும்போதே தகட்டின் மரை பிசிறைத் துடைத்துவிடும். கட்டர் குறடால் நறுக்குவது கூடாது. நுனி நசுங்கி மரை கோணும், அந்த ஸ்குரு லைனரின் மரையையும் கெடுக்கும். மின்சாரக்காரர்களின் வயர் குறட்டில் ஸ்குரு நறுக்கும் துளைகள் உண்டு, ஆனால் எம்2 அளவுக்கு அதில் துளை இராது. சுழல் வட்டில் வெட்டினால் தொட்டுத் தொட்டு எடுங்கள்; சூடு ஏறினால் மரையில் தடவி வரும் நீலப் பசை கருகி, பிடிப்பு போய்விடும். பசையை வெட்டிய பிறகு தடவுவதே சரி. இந்த அளவு ஸ்குருவுக்கு ஊதா நிற லாக்டைட் 222 ஒரு துளி போதும். சிவப்பு வேண்டாம், கழற்றும்போது டி6 (ஆறு முனை நட்சத்திரக் குழி) தலை உருண்டுவிடும்.

ஹார்ட்வேர் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்ன ஸ்குருவை ஒரே டப்பாவில் கொட்டி வைக்காமல், பையின் மேல் விட்டம், மரை இடைவெளி, நீளம் மூன்றையும் எழுதி வையுங்கள். தொழிற்கல்லூரி ஆசிரியர்களும் டேப் பிடிக்கக் கற்றுத்தரும் அன்றே அங்குல மரையையும் மெட்ரிக் மரையையும் மாணவர் கையில் கொடுத்து வேறுபடுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கத்திப் பட்டறை வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு